'மக்கு' என்று ஒதுக்கப்பட்ட 16 வயது சிறுவன்... அவனை நம்பிய டாக்டர்! யார் இந்த சாமுவேல் ஆர்ட்டன்?

டிஸ்லெக்சியா என்றதும் நம்மில் பலருக்கு 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படம்தான் ஞாபகத்துக்கு வரும். பேப்பரில் எழுத்துகள் ஆட்டம் போடும், ஆமிர் கான் அந்தச் சிறுவனை மணலில் விரலால் எழுதவைப்பார். அந்தப் பாணியின் வேர்களைத் தேடிப் போனால், கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் போய் நிற்போம்.

ஆண்டு 1925. கிரீன் கவுன்டி என்ற கிராமப்புறப் பகுதியில் இரண்டு வாரம் மனநல முகாம் போட்டார் சாமுவேல் டாரி ஆர்ட்டன். படிப்பில் பின்தங்கிய, ஃபெயில் ஆகிற பிள்ளைகளை அனுப்புங்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருந்தார். அப்படி வந்தவர்கள் 88 பேர். அதில் 14 பேருக்குப் பிரதானப் பிரச்சினையே வாசிப்புதான்.

அவர்களில் ஒரு பையனை ஆர்ட்டன் தன் கட்டுரையில் 'எம்.பி.' என்று குறிப்பிட்டார். (நாடாளுமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அடையாளம் தெரியாமல் இருக்க வெறும் இரண்டு எழுத்து.) வயது 16. இத்தனை வருஷம் பள்ளிக்குப் போயும் வாசிக்க வரவில்லை. ஐ.க்யூ. டெஸ்ட் வைத்தார்கள். வந்த ஸ்கோர் 71.

அந்தக் காலத்தில் அந்த நம்பரோடு கதை முடிந்திருக்கும். மந்தபுத்தி என்று ஒரு முத்திரை, அவ்வளவுதான். ஆனால் ஆர்ட்டனுக்கு ஏதோ இடித்தது. பேசும்போது பையன் தெளிவாகப் பேசுகிறான். மனதுக்குள் காட்சியாக ஓட்டிப் பார்த்து விடை சொல்ல வேண்டிய கேள்விகளுக்கு டக் டக்கென்று பதில் வருகிறது. அப்படியானால் தப்பு பையனிடமா, டெஸ்ட்டிலா? அவர் வேறு சில சோதனைகளையும் வைத்துப் பார்த்துவிட்டு, 71 என்ற எண் இந்தப் பையனின் மூளைக்கு நியாயம் செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்தார். முகாமுக்கு வந்த மற்ற வாசிப்புப் பிரச்சினைப் பிள்ளைகளிலும் பலர் சராசரியை ஒட்டியோ, அதற்கு மேலேயோதான் இருந்தார்கள்.

மூளையை வெட்டிப் பார்த்தவர்

ஆர்ட்டன் குழந்தைகள் டாக்டரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. 1879இல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். அப்பா எட்வர்ட் ஆர்ட்டன் புவியியல் அறிஞர், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். மகன் 1905இல் பென்சில்வேனியாவில் மருத்துவப் பட்டம் முடித்து நோய்க்குறியியல் பக்கம் போனார். இறந்தவர்களின் மூளைத் திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் ஆராய்வதுதான் ஆரம்ப கால வேலை. பிறகு மனநல மருத்துவத்துக்கு வந்து, 1919இல் அயோவா நகரில் புதிதாகத் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இயக்குநரானார்.

மூளையைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது. அதுவரை இந்தப் பிரச்சினைக்குப் பெயர் 'பிறவிச் சொற்குருடு'. 1896லேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருந்தார். மற்றதில் எல்லாம் சூட்டிகையான பையன், வாசிப்பு மட்டும் வராது. கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட், மூளையில் சொற்களைப் பதிந்துவைக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பிறவியிலேயே கோளாறு இருக்கிறது என்று நினைத்தார்.

ஆர்ட்டன் இதை ஏற்கவில்லை. எதுவும் பழுதாகவில்லை, மூளையின் இரண்டு பாதிகளுக்கும் இடையே எது முன்னே நிற்பது என்ற ஒழுங்கு இன்னும் சரியாக அமையவில்லை, அவ்வளவுதான் என்றார். மெடிக்கல் சண்டை போலத் தெரியலாம். ஆனால் ஒரு 16 வயதுப் பையனுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. பழுது என்றால் செய்வதற்கு அதிகம் இல்லை. ஒழுங்கு அமையவில்லை என்றால், பயிற்சி கொடுத்து அமைத்துக்கொள்ளலாம்.

இந்த முடிவுக்கு அவரைக் கொண்டுபோனது பிள்ளைகள் செய்த தப்புகள்தான். ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'பி'க்கு வட்டம் வலது பக்கம், 'டி'க்கு இடது பக்கம். இரண்டையும் மாற்றிப்போட்டார்கள். 'வாஸ்' என்ற சொல்லைப் பின்னாலிருந்து வாசித்தால் 'சா' என்ற வேறொரு சொல் வரும், அப்படியே வாசித்தார்கள். சிலருக்குக் கண்ணாடியில் தெரிகிற தலைகீழ் எழுத்தை வாசிப்பது சுலபமாக இருந்தது! 'சொற்குருடு' என்பதற்குப் பதிலாக அவரே ஒரு பெயர் வைத்தார்: 'ஸ்ட்ரெஃபோசிம்போலியா'. முறுக்கிக்கொண்ட குறியீடுகள் என்று அர்த்தம். (வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் பிரச்சினைக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?)

சரி, சொல்லிக்கொடுத்தது எப்படி?

அப்போது அமெரிக்கப் பள்ளிகளில், முழுச் சொல்லையும் படம் மாதிரிப் பார்த்து மனப்பாடம் செய்யவைக்கும் முறை பரவிக்கொண்டிருந்தது. சில பிள்ளைகளுக்கு இது வாசிப்புச் சிக்கலையே உண்டாக்கிவிடுகிறது என்று 1929இல் ஆர்ட்டன் எழுதினார். சொல்லைப் படமாகப் பிடிப்பதில்தானே அவர்கள் சிக்கலே!

அவர் தலைகீழாகப் போனார். முதலில் ஒரு எழுத்து, அதன் ஒலி. விரலால் அந்த எழுத்தின் மேல் வரைந்துகொண்டே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண், காது, வாய், கை நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பிறகு ஒலிகளை இடமிருந்து வலமாகக் கோத்துச் சொல். எழுத்து எந்தத் திசையில் போகிறது என்பதைக் கண் மறந்தாலும் கை மறக்காது என்பது கணக்கு. நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதி, கூடவே உரக்கச் சொன்ன தாத்தா பாட்டிகளுக்கு இது புதுசாகத் தெரியாது.

விரலால் எழுதவைப்பது ஆர்ட்டனின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் கிரேஸ் ஃபெர்னால்டு அதை ஏற்கெனவே செய்துவந்தார், ஆனால் முழுச் சொற்களை வைத்து. ஆர்ட்டன் அதை ஒலியோடு இணைத்தார்.

இன்னொரு விஷயத்திலும் அவர் தன் காலத்துக்கு முன்னால் நின்றார். இந்தப் பிள்ளைகளின் கோபம், தாழ்வு மனப்பான்மை, வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் வாசிக்க முடியாததன் விளைவு, காரணம் இல்லை என்றார். மனநல டாக்டரே இப்படிச் சொன்னது முக்கியம். தைரியம் சொல்லிவிட்டு அனுப்பாமல், முதலில் வாசிக்கச் சொல்லிக்கொடு. தன்னால் முடியும் என்பது அவனுக்கே தெரியும்போது மீதி தானாகச் சரியாகும் என்பது அவர் வழி.

நியூயார்க்கும் இரண்டு டீச்சர்களும்

1920களின் கடைசியில் ஆர்ட்டன் நியூயார்க் போனார். அயோவாவில் உடன் பணியாற்றிய மனநல சமூகப் பணியாளர் ஜூன் லைடேயைத் திருமணம் செய்துகொண்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த காலத்தில்தான் அன்னா கில்லிங்ஹாம் அவரோடு சேர்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பள்ளி உளவியலாளர். தோழி பெஸ்ஸி ஸ்டில்மேன் அனுபவம் மிக்க ஆசிரியை. ஆர்ட்டனின் யோசனைகளை எந்த வகுப்பறையிலும் பயன்படுத்தக்கூடிய பாடத்திட்டமாக மாற்றியவர்கள் இவர்கள்தான். எந்த ஒலி முதலில், எது அடுத்து, எந்த அட்டையை எப்போது காட்டுவது என்று படிப்படியாகக் கையேடு போட்டார்கள். உலகம் இன்று 'ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறை' என்று சொல்வது இதைத்தான். ஸ்டில்மேன் பெயர் மட்டும் விடுபட்டுப்போனது கொஞ்சம் அநியாயம்.

1937இல் ஆர்ட்டனின் புத்தகம் வந்தது. குழந்தைகளின் வாசிப்பு, எழுத்து, பேச்சுச் சிக்கல்கள் பற்றி அதுவரை பார்த்ததையெல்லாம் அதில் தொகுத்திருந்தார். 1948 நவம்பரில், 69 வயதில் காலமானார்.

அவர் சொன்னதெல்லாம் சரியா? இல்லை. மூளையின் இரண்டு பாதிகளும் கண்ணாடி பிம்பங்களை வைத்துக்கொண்டு மோதுகின்றன என்ற விளக்கத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் கண்ணில் தெரியும் வடிவத்தில் இல்லை, பேச்சின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 'பி', 'டி' குழப்பம் வாசிக்கத் தொடங்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதான். அவர் பெயரில் நடக்கும் பயிற்சி முறை மற்ற முறைகளைவிட எவ்வளவு மேல் என்பதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் எழுத்தையும் ஒலியையும் நேரடியாக, வரிசையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற அவரது அடிப்படை, காரணம் தப்பாக இருந்தும் நிலைத்துவிட்டது.

அவர் இறந்த மறு வருஷமே, 1949இல், ஜூனும் சக ஊழியர்களும் ஆர்ட்டன் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜூன் பின்னாளில் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலமில் கணவர் பெயரிலேயே ஒரு வாசிப்பு மையம் நடத்தினார். அந்தச் சங்கம்தான் இன்றைய சர்வதேச டிஸ்லெக்சியா சங்கம். ஆர்ட்டன் பெயர் இப்போது அதன் பலகையில் இல்லை. 'ஸ்ட்ரெஃபோசிம்போலியா' என்ற சொல்லையும் இன்று யாரும் பயன்படுத்துவதில்லை.