அரசைக் கட்ட வைத்த அழகப்பர்

மாணவர்களே, அழகப்பச் செட்டியார் 1909-இல் கோட்டையூரில் பிறந்தவர். லண்டனில் சட்டம் படித்தார். நம் மலாயாவிலும் அவருக்கு ரப்பர் தோட்டங்கள் இருந்தன. 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார்.

அப்போது இந்திய அரசு தேசிய ஆய்வுக்கூடங்களைக் கட்டி வந்தது. டெல்லி, புனே, ஜாம்ஷெட்பூர் போன்ற பெரிய ஊர்களுக்கு அவை கிடைத்தன. வறண்ட காரைக்குடியை யார் நினைப்பார்? அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்தார். 1948 ஜூலையில் நேரு வந்து மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953-இல் திறப்பு விழா. செல்வர்கள் கொடுப்பது புதிதல்ல. கொடுத்து, அரசையும் கட்ட வைத்ததுதான் இவரின் சாமர்த்தியம்.

பெண்கள் கல்லூரிக்குத் தம் வீட்டையே கொடுத்தார். 1957-இல் இறந்தபோது வயது 47. காரைக்குடியில் தமிழக அரசு 1985-இல் அமைத்த பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.