முத்துராமலிங்க சேதுபதி மன்னர் சரித்திரம்

இராமேசுவரம் திருக்கோயிலின் மூன்றாம் பிராகாரத்தை வலம் வந்த அன்பர்கள், ஆங்கே கல்லுருவாய் நிற்கும் அரசர் ஒருவரைக் கண்டிருப்பர். அவரே முத்துராமலிங்க சேதுபதியாவார். அவ்வுருவத்தைக் கண்டு செல்வோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். அவர் தம் 49 ஆண்டு வாழ்நாளில் ஏறத்தாழ 22 ஆண்டுகளைச் சிறையிற் கழித்தவர் என்பதை அறிந்தோரோ மிகச் சிலர். ஆதலின், அவரது சரித்திரத்தை நம் சங்கத்தார் இல்லங்களிலுள்ள சிறுவரும் அறியுமாறு ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தாம்.

இம்மன்னர் 1760-ஆம் ஆண்டு பிறந்தவர். தாய்மாமனாகிய செல்லமுத்து சேதுபதி மகப்பேறின்றி மறையவே, குழவிப் பருவத்திலேயே சேது நாட்டுக்கு உரியவரானார். அன்னையார் முத்துத் திருவாயி நாச்சியார் பிரதானியின் துணைகொண்டு நாட்டைக் காத்து வந்தார். நூற்றாண்டுக் கணக்கில் சேதுபதிகள் செய்துவந்த கோயிற்றிருப்பணியில், நீண்ட அம்மூன்றாம் பிராகாரம் இவர் பெயர் விளங்க நிறைவெய்திற்று.

1772-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் படையும், அவருக்குத் துணைநின்ற கும்பினிப் படையும் இராமநாதபுரம் கோட்டையை வளைந்து கைக்கொண்டன. அவ்வாண்டிலேயே சிவகங்கைச் சீமையின் முத்து வடுகநாதத் தேவர் காளையார்கோவிற் போரில் உயிர் துறந்தார். பன்னிரண்டு அகவைச் சிறுவராகிய நம் மன்னர், அன்னையாரோடும் உடன்பிறந்தாரோடும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் வைக்கப்பட்டார். ஹைதர் அலி 1780-இல் கர்நாடகத்தின்மேற் படையெடுத்ததை ஒட்டிய காலத்தில், நவாபுக்குக் கப்பம் செலுத்தும் உடன்பாட்டின் பேரில் நாடு மீண்டும் இவரிடம் வந்தது.

1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால், பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் அதிகாரம் நவாபின் கையினின்று நீங்கிக் கும்பினியாரை அடைந்தது. அதுமுதல் இம்மன்னருக்குத் தொல்லை பெருகிற்று. சேது நாடு கடல்சூழ் நாடு. முத்துக் குளிப்பிலும் சங்கு குளிப்பிலும் அதன் அரசர்க்கு வழிவழி உரிமை உண்டு. ஊர்தோறும் நெசவு நடந்தது. துணியும் தானியமும் செல்லும் வழிகளிற் சுங்கம் அரசருக்குரியது. கும்பினியாரோ நெசவாளரிடம் தாமே துணி கொள்ளவும், தம் சரக்குச் சுங்கமின்றிச் செல்லவும் விரும்பினர். இதற்கு மன்னர் இணங்கினாரல்லர். சிவகங்கையோடு நேர்ந்த பூசல் கும்பினியார்க்கு வாய்ப்பாயிற்று. 1795-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8-ஆம் நாள் மன்னர் பதவியினின்று நீக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக்குச் சிறைகொண்டு போகப்பட்டார்.

இவ்விடத்து ஒன்று கூறுவோம். இச்செய்திகளை நாம் அறிவது பெரும்பாலும் அவரைச் சிறையிட்டோர் எழுதிவைத்த தாள்களினாலேயே. சென்னை எழும்பூரில் 1909-ஆம் ஆண்டு முதல் நிலைபெற்றுள்ள ஆவணக் களரியில், கும்பினியாரின் இராணுவ, வருவாய் நடவடிக்கைக் குறிப்புகளும் கலெக்டர்களின் கடிதங்களும் கட்டுக்கட்டாய் உள்ளன. சேதுநாட்டு வரலாற்றைப் பல நூல்களாக எழுதிய அறிஞர் எஸ். எம். கமால் அவர்கள் அவற்றைத் துருவி ஆராய்ந்தே இம்மன்னரின் சரித்திரத்தை வெளிப்படுத்தினார்.

ஆணைக்கு அடங்கவில்லை, அண்டை நாட்டோடு பொருதார், குடிகளை நெருக்கினார் என்பன அவர்மீது சாற்றப்பட்ட குற்றங்கள். இவற்றை முற்றும் பொய்யெனத் தள்ளுதல் நேர்மையன்று. குற்றம் சாற்றினோரே ஊதியம் பெற்றோர் என்பதை மறந்து முற்றும் மெய்யெனக் கொள்ளுதலும் அறிவுடைமையன்று. துணியும் சுங்கமும் பற்றிய கடிதங்களை அக்குற்றப்பட்டியலின் அருகே வைத்துப் படிப்போர்க்கு வழக்கின் வேர் புலனாகும். 1799-ஆம் ஆண்டு, மன்னரின் பணியாளராயிருந்த மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதிப் பகுதிகளில் மக்கள் கிளர்ந்தெழுந்து கும்பினியாரின் கச்சேரிகளைத் தாக்கினர். மன்னர்பால் நாட்டார் கொண்ட அன்பு அற்றுப்போகவில்லை என்பதற்கு இதுவே சான்றாகும். மயிலப்பர் 1802-இல் தூக்கிலிடப்பட்டார்.

1803-ஆம் ஆண்டு சேது நாடு ஜமீனாக்கப்பட்டு, மன்னரின் தமக்கையார் மங்களேசுவரி நாச்சியாருக்கு அளிக்கப்பட்டது. மன்னருக்கோ விடுதலை வரவில்லை. சென்னைக் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்ட அவர், 1809-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் சிறைவாழ்விலேயே காலமானார். தம் முன்னோர் காத்த சேதுவை மீண்டும் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அன்பர்களே! மன்னர்க்குப் பகைவராயினும் எழுதிவைத்தார் இருந்தமையால் அவர் வரலாறு பிழைத்தது. நம் முன்னோர்க்கு அவ்வாறு எழுதிவைத்தார் யார்? நம் இல்லத்துப் பரண்களிலும் பெட்டிகளிலும் பழைய ஓலைகள், செப்பேடுகள், கிரயப் பத்திரங்கள், கோயிற்கணக்குகள் கிடந்து செல்லுக்கு இரையாகின்றன. அவற்றை ஆற்றிலிடாமலும் எடைக்கு விற்காமலும் எடுத்துத் துடைத்துப் படிக்கத் தெரிந்தாரிடம் காட்டுங்கள். ஓர் ஏட்டைக் காப்பது ஒரு தலைமுறையைக் காப்பதாகும்.