28 வயதில் மைசூர் அரசை ஏற்ற மகாராணி: கோலார் சுரங்கத்துக்குக் காவிரி மின்சாரம் தந்த ஆட்சி

மைசூரு: மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1894 டிசம்பர் 28 அன்று கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் நோயால் காலமானபோது அவருக்கு வயது 31. பட்டத்துக்குரிய மூத்த மகன் கிருஷ்ணராஜருக்குப் பத்து வயதுதான். மகாராணி கெம்பநஞ்சம்மண்ணிக்கு வயது 28.

அந்த மரணம் ஓர் அரச குடும்பத்தின் துயரத்தோடு முடிந்துவிடவில்லை. மைசூர் அதற்கு முன் 50 ஆண்டுகள் ஆங்கிலேய ஆணையர்களின் நேரடி ஆட்சியில் இருந்து, 1881-ல்தான் உடையார் குலத்தின் கைக்குத் திரும்பியிருந்தது. பதின்மூன்றே ஆண்டுகளில் அரியணையில் மீண்டும் ஒரு சிறுவன். நிர்வாகம் தடுமாறினால் ஆங்கிலேய அரசு மறுபடியும் உள்ளே நுழையும் என்ற அச்சத்துக்கு இடமிருந்தது.

இந்த நிலையில் மகாராணி அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். மைசூரை அடுத்த களலே குடும்பத்தில் 1866-ல் பிறந்து, 1878-ல் மணமாகி அரண்மனைக்கு வந்தவர் அவர். அரச குலப் பெண்கள் பொதுவெளியில் தோன்றாத காலம் அது. திவான் சேஷாத்ரி ஐயர் தலைமையில் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. பாலக்காட்டுத் தமிழரான அவரே அன்றாட நிர்வாகத்தை நடத்தினார்.

அடுத்த ஆண்டுகள் எளிதாக இல்லை. 1897-ல் மூத்த மகளின் திருமண விழாவின்போது பழைய மர அரண்மனை தீக்கிரையானது. புதிய அரண்மனையைக் கட்டும் பணி ஹென்றி இர்வினிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் பங்காற்றியவர் அவர். இன்று தசரா விளக்குகளில் மின்னும் அரண்மனை அதுதான். 1898-ல் பிளேக் நோய் பெங்களூருக்குள் நுழைந்தது. நெரிசலைக் குறைக்க பசவனகுடி, மல்லேஸ்வரம் பகுதிகள் உருவாயின.

இந்த நெருக்கடிகளுக்கு நடுவேதான் அந்த ஆட்சியின் மிகத் துணிச்சலான முடிவு எடுக்கப்பட்டது. கோலார் தங்கச் சுரங்கங்களை லண்டன் நிறுவனங்கள் நடத்தின. மண்ணுக்கடியில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். தங்கம் கடல் கடந்து செல்ல, அதன் மீதான உரிமத் தொகை மைசூர் கருவூலத்தை நிரப்பியது. ஆனால் சுரங்கம் ஆழமாக ஆக, நிலக்கரியையும் விறகையும் எரித்து நீராவியால் இயந்திரங்களை ஓட்டும் செலவு ஏறிக்கொண்டே போனது.

காவிரி விழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாருக்கு அனுப்பலாம் என்பது திட்டம். அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்வது உலகிலேயே புதுமையாக இருந்த காலம். மின் இயந்திரங்களுக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக், நீர்ச்சுழலிகளுக்கு சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனங்களுடன் ஓர் இந்திய சமஸ்தானம் ஒப்பந்தம் செய்தது. வாங்கவிருந்த சுரங்க நிறுவனங்களே முதல் வாடிக்கையாளர்கள் என்பதால், இது பொறியியல் முயற்சி மட்டுமல்ல, கணக்குப் பார்த்துச் செய்த வணிகமும்கூட. 1902 ஜூனில் கோலாருக்கு மின்சாரம் சென்றது. பெங்களூரின் தெருவிளக்குகள் அதற்குப் பிறகு, 1905-ல்தான் எரிந்தன.

இந்தச் சாதனைகள் யாவும் திவானுடையவை என்று கருதுவோர் உண்டு. திட்டங்களின் மூளை அவரே என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் 1901-ல் உடல்நலம் குன்றிப் பதவி விலகி, அதே ஆண்டில் மறைந்தார். சிவசமுத்திரப் பணி அப்போது முடிந்திருக்கவில்லை. அதை நிறுத்தாமல் நடத்தி முடித்தது மகாராணியின் அரசு. பட்டு வளர்ப்பைச் சீரமைக்க ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானிய வல்லுநர்களைக் கொண்டு பெங்களூரில் பட்டுப் பண்ணை தொடங்கியபோது அதற்கு ஆதரவளித்ததும் இந்த அரசே. டாடா கனவு கண்ட ஆய்வு நிறுவனத்துக்கு இடம் தர முன்வந்ததும் இதே காலத்தில்தான். அந்த 371 ஏக்கர் நிலம் மகனின் ஆட்சியில், 1907-ல் வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் கழகம் இன்று அங்கே நிற்கிறது.

கல்வியில் அவருடைய ஈடுபாடு ஆட்சிப் பொறுப்புக்கும் முந்தையது. பெண்களைப் பள்ளிக்கு அனுப்பக் குடும்பங்கள் தயங்கிய 1881-ல், மைசூரில் அவருடைய ஆதரவில் மகாராணி பெண்கள் பள்ளி தொடங்கியது. அவரது ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியாக உயர்ந்தது. மைசூருக்கென ஒரு பல்கலைக்கழகம் 1916-ல்தான் வந்தது என்பதால், அதுவரை அங்கே பட்டம் பெற விரும்பியவர்கள் சென்னையின் தேர்வையே எழுதினர்.

1902 ஆகஸ்ட் 8 அன்று வைஸ்ராய் கர்சன் முன்னிலையில் 18 வயது மகன் முழு அதிகாரம் பெற்றார். மகாராணி ஒதுங்கிக்கொண்டார். வாணி விலாச சன்னிதானம் என்ற பட்டப்பெயராலேயே மக்கள் அவரை அறிந்திருந்தனர். பின்னாளில் மகள் கிருஷ்ணாஜம்மண்ணியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். மைசூரின் காசநோய் மருத்துவமனை அந்த மகளின் பெயரைத் தாங்குகிறது.

சித்ரதுர்கா மாவட்டத்தின் வறண்ட நிலத்தில், வேதாவதி ஆற்றின் குறுக்கே மாரிகணிவே அணைப் பணி 1898-ல் அவரது ஆட்சியில் தொடங்கி 1907-ல் நிறைவடைந்தது. அவர் பெயரால் வாணி விலாச சாகரம் எனப்படும் அந்த நீர்த்தேக்கம் 1933-ல் நிரம்பி வழிந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்று அவர் பெங்களூரில் காலமானார். அணை மீண்டும் நிரம்பி வழிந்தது 2022-ல்.