கண்டி கண்ட கல்வியாளர் பிறேசர்

மலைநகராகிய கண்டியிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அயலவராய் வாழ்தல் நெடுநாள் வழக்கு. அவர்தம் பிள்ளைகளை ஒரே வகுப்பில் இருத்துதல் அரிதன்று. ஒருவர் மொழியையும் மரபையும் மற்றவர் மதிக்குமாறு பயிற்றுதலே அரிது. அத்துறையில் இந்நகரில் முயன்றோருள் திரித்துவக் கல்லூரி அதிபராயிருந்த அலெக்சாந்தர் கார்டன் பிறேசர் தலையாயவர். அவர் கிறித்தவ சமயத் தொண்டர். நாமோ சைவ மரபில் எழுந்த கல்லூரியினர். ஆயினும் அவர் வரலாறு நம் மலரில் இடம்பெறத் தக்கதே.

பிறேசர் 1873 இல் ஸ்கொத்லாந்திலே பிறந்தார். தந்தையார் அன்ட்ரூ பிறேசர் வங்காளத்தின் துணை ஆளுநராய் விளங்கியவர். மைந்தர் ஒக்ஸ்போட்டிலே கற்று, உகண்டாவிலே சமயப் பணி புரிந்து, 1904 இல் கண்டிக் கல்லூரியின் அதிபரானார்.

அந்நாளில் ஆங்கிலக் கல்லூரிகளில் தாய்மொழிக்கு மதிப்பில்லை. தேம்ஸ் நதியின் போக்கை ஒப்புவிக்கும் மாணவன், தன் பாட்டிக்கு நான்கு வரியில் கடிதம் எழுத மாட்டாதவனாயிருந்தான். உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலமே எனப் பெற்றோரும் கருதினர். இந்நிலையிலே பிறேசர் சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்திற் சேர்த்தார். தாய்மொழி அறியாதவனுக்கு ஆழ்ந்த சிந்தனை கைகூடாது. தன் மக்களுக்கு அவன் உதவவும் மாட்டான் என்பது அவர் கொள்கை. தமிழாசிரியனாகிய யான் இதனையே அவர் செயல்களுட் பெரிதென மதிப்பேன். தன் வீட்டையே அறியாதவன் அயல் வீட்டின் அருமையை எங்ஙனம் உணர்வான்?

வகுப்பறையோடு அவர் அமைந்தாரல்லர். மாணவரின் சமூகசேவைச் சங்கம் கண்டியின் சேரிகளுக்குச் சென்று ஏழைகளின் வாழ்க்கையை ஆராய்ந்தது. பல இனத்து இளைஞரும் ஒரு பணியிலே ஒருங்கு கைகோத்தமை, நூலிற் கிடையாத பாடம்.

குறையும் கூறுதல் வேண்டும். மதமாற்றம் நாடிய இயக்கத்தின் ஊழியர் அவர். அந்நோக்கை எதிர்த்தே நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மேலும், கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அத்தகைய கல்லூரிகளின் வாயில் எட்டாததாகவே இருந்தது. இனம் பலவாயினும் அங்குக் கூடியோர் பெரும்பாலும் வசதி படைத்த வீட்டாரே.

கல்லூரி ஆலயத்துக்கு 1923 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. காஸ்ரர் என்னும் ஆசிரியர் வகுத்த அமைப்பு அது. மேனாட்டுக் கோபுரம் இல்லை. கண்டி மன்னரின் கொலுமண்டபத்தை நினைவூட்டும் செதுக்குத் தூண்களே உள்ளன. அது 1935 இல் அர்ப்பணிக்கப்பட்டபோது பிறேசர் இங்கில்லை. டேவிட் பெயின்ரர் தீட்டிய சுவரோவியங்களிலே விவிலியக் கதைகள் இலங்கைச் சூழலிற் காட்சி தருகின்றன.

1919 இல் இந்தியக் கிராமக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய பிறேசர், 1924 இல் கண்டியை நீங்கி, இன்று கானா எனப்படும் பொற்கரையிலே அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபரானார். ஆபிரிக்க அறிஞர் அக்ரே அங்கு அவருடன் பணியாற்றினார். பியானோவின் கறுப்புக் கட்டைகளும் வெள்ளைக் கட்டைகளும் கூடியே நல்லிசை பிறக்கும் என்னும் அக்ரேயின் கருத்து, அக்கல்லூரியின் சின்னமாயிற்று. அங்கும் நாட்டு மொழிகள் கற்பிக்கப்பட்டன.

1935 வரை அங்குப் பணிபுரிந்த பிறேசர், 1962 இல் மறைந்தார். கண்டியிலே அவர் தொடக்கிய தமிழ்ப் பாடம் இன்றும் நடைபெறுகின்றது.