எடிசனுக்கு காது கேட்காமல் போனது ஏன்? நடுக்காது தழும்பு பற்றி தெரிஞ்சுக்கலாம் வாங்க!

உலகத்துக்கே ஒலியைப் பதிவு செய்து கேட்க வைத்தவர் தாமஸ் ஆல்வா எடிசன். ஆனால் அவருக்கே காது சரியாகக் கேட்காது என்பது தெரியுமா?

1847-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த எடிசன், 12 வயதில் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றார். அந்த வயதுக்குப் பிறகு பறவைகளின் சத்தத்தையே கேட்டதில்லை என்று டைரியில் எழுதியிருக்கிறார்.

ரயிலில் வாங்கிய அறையா காரணம்?

ரயில் பெட்டியில் ரசாயன சோதனை செய்து தீப்பிடித்ததால், ரயில் ஊழியர் காதோடு அறைந்தார் என்பது பிரபலமான கதை. ஓடும் ரயிலில் ஏற முயன்றபோது ஒருவர் காதைப் பிடித்துத் தூக்கியதுதான் காரணம் என்று எடிசனே பிற்காலத்தில் வேறு கதை சொன்னார். ஆனால் சின்ன வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலும், திரும்பத் திரும்ப வந்த நடுக்காது தொற்றும்தான் காரணமாக இருக்கலாம் என்பதே பலரின் கணிப்பு.

காதுக்குள்ள என்ன நடக்குது?

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் நடுக்காது. அதில் உள்ள 3 குட்டி எலும்புகள், ஒலி அதிர்வை உள்காதுக்குக் கடத்தும். அடிக்கடி தொற்று வந்து சீழ் பிடித்தால், புண் ஆறும்போது அங்கே தழும்பு உண்டாகும். சில சமயம் அதில் கால்சியம் படிந்து இறுகிவிடும். இதற்குப் பெயர் டிம்பனோஸ்கிளீரோசிஸ். செவிப்பறையோடு நின்றால் பெரிய பாதிப்பு இருக்காது. எலும்புகள் வரை பரவினால், அவை அசைய முடியாமல் கேட்கும் திறன் குறையும்.

பல்லால் கேட்ட எடிசன்!

1877-ல் ஃபோனோகிராஃப் கண்டுபிடித்த எடிசன், அதன் மரப்பெட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு இசையைக் கேட்பார். தாடை, மண்டை எலும்பு வழியாக அதிர்வு நேராக உள்காதுக்குப் போய்விடும். பிரச்னை நடுக்காதில் இருந்தால் இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்கும். 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளைப் பெற்ற அவர், கடைசி வரை இந்தக் குறையோடுதான் வாழ்ந்தார். 1931-ல் காலமானார்.

இப்போ என்ன சிகிச்சை இருக்கு?

எடிசனின் சிறுவயதில் ஆன்டிபயாடிக் மருந்தே கிடையாது. 1928-ல் கண்டறியப்பட்ட பென்சிலின், 1940-களில்தான் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. செவிப்பறையைச் சரிசெய்யும் டிம்பனோபிளாஸ்டி அறுவை சிகிச்சை 1950-களில் வளர்ந்தது. இன்று இறுகிய எலும்பை விடுவிக்கலாம், செயற்கை எலும்பும் பொருத்தலாம். ஆனால் தழும்பு மறுபடி உருவாகவும் வாய்ப்பு உண்டு. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றால் காது கேட்கும் கருவி இருக்கிறது. எடிசன் பல்லால் செய்ததையே, எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் கருவிகள் இன்று செய்கின்றன.

பெற்றோர் கவனத்துக்கு

குழந்தைக்கு அடிக்கடி காது வலிக்குதா? சீழ் வடியுதா? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கலையா? டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போகுதா? தானா சரியாகிடும் என்று விடாதீங்க. காதில் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்க. தழும்பு விழுந்த பிறகு சரிசெய்வதை விட, விழாமல் தடுப்பது சுலபம். எடிசனுக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு, இன்றைய குழந்தைகளுக்கு இருக்கிறது.