பத்து கிறிஸ்துமஸ், ஒரே பாட்டு, ஒரே குரல்: யார் இந்த ஷூமான்-ஹைங்க்?

டிசம்பர் வந்துவிட்டால் மால், லிஃப்ட், காபி ஷாப் என்று போகிற இடமெல்லாம் காதில் விழுகிற பாட்டு 'சைலன்ட் நைட்'. அந்தப் பெயரோடு 'ஷூமான்-ஹைங்க்' என்பதையும் சேர்த்து ஒரு தடவை யூடியூபில் தேடிப் பாருங்கள். முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்கும், வாணலியில் ஏதோ பொரிகிற மாதிரி. அதற்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல் வரும். கனமான, அடியாழத்துக் குரல். பாடுவது ஜெர்மன் மொழியில். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். 1908-ல் பதிவான இசைத்தட்டு அது.

கேட்டவர்கள் உடனே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி பாட வேண்டிய பாட்டை, ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்துக்குப் பாடுகிற மாதிரி பாடணுமா என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சி பதில் எதுவும் சொல்லாது, மறுபடி ப்ளே பட்டனைத் தட்டும். ஓபரா பாடகர்கள் கிறிஸ்துமஸ் கீதம் பாடும்போதெல்லாம் வருகிற பழைய சண்டைதான் இது. முதல் தடவை கேட்டபோது நான் முதல் கட்சி. அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைப் படித்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தையல் மெஷின் வாங்கிக்கோ!

எர்னஸ்டீன் ரோஸ்லர் 1861 ஜூன் 15-ல் பிராகா நகரை ஒட்டிய லீபென் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அப்பா ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. பதவிதான் பெரிது, சம்பளம் சொற்பம். அம்மா வழியில் யூதப் பாட்டி. வீட்டில் பல நாள் சாப்பாட்டுக்கே இழுபறி. ஊருக்கு வந்த சர்க்கஸில் குரங்குக் கூண்டைக் கழுவி, கூலியாகச் சாப்பாடு வாங்கியதைப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

பிராகாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பாட ஆரம்பித்தார். கிராஸ் நகரில் ஓய்வுபெற்ற ஒரு பாடகியிடம் முறையாகக் கற்றார். 1876-ல் அதே கிராஸில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் மேடை ஏறினார். அப்போது வயது 15.

வியன்னா ஓபராவில் குரல் தேர்வுக்குப் போனபோது, இந்த முகத்தை வைத்துக்கொண்டு மேடைக்கு ஆசைப்படாதே, ஊருக்குப் போய் ஒரு தையல் மெஷின் வாங்கிப் பிழைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதுவும் அவர் சொன்ன கதைதான். ஆனால் 1878 அக்டோபரில் டிரெஸ்டன் ஓபரா அவரை எடுத்துக்கொண்டது. 17 வயதில் வெர்டியின் 'இல் ட்ரொவாத்தோரே'யில் அசுசேனா வேடம். வயதான நாடோடித் தாயின் பாத்திரம் அது. அந்தக் குரலுக்கு அப்போதே அம்மா வேடம்தான்!

அவருடையது கான்ட்ரால்டோ குரல், அதாவது பெண் குரல்களிலேயே மிகத் தாழ்ந்த வகை. ஓபராவில் கதாநாயகி பெரும்பாலும் உச்சஸ்தாயி சொப்ரானோவாக இருப்பார். கான்ட்ரால்டோவுக்குத் தாய், சூனியக்காரி, தேவதை வேடங்கள்தான் வரும். இவருக்கும் பெரும்பாலும் அப்படித்தான் வந்தது.

குடும்பமும் மேடையும்

1882-ல் டிரெஸ்டன் ஓபராவில் செயலராக இருந்த எர்ன்ஸ்ட் ஹைங்க்கைத் திருமணம் செய்தார். ஒப்பந்தப்படி கல்யாணம் செய்யக்கூடாது. இருவருக்கும் வேலை போனது. ஹாம்பர்க்கில் சின்னச் சின்ன வேடங்களுக்குச் சின்னச் சம்பளம். குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. நான்காவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வைத்த கடனுக்கு வீட்டுச் சாமான்கள் ஜப்தியாகின.

திருப்பம் வந்தது வேறொருவர் கோபத்தால். ஹாம்பர்க்கின் முன்னணிப் பாடகி நிர்வாகத்தோடு சண்டை போட்டு ஒதுங்கிக்கொள்ள, ஒத்திகைகூட இல்லாமல் 'கார்மென்' பாட முடியுமா என்று எர்னஸ்டீனைக் கேட்டார்கள். பாடினார். அடுத்தடுத்து பெரிய வேடங்கள் வந்தன. 1892-ல் மாஹ்லர் நடத்திய குழுவோடு லண்டன். 1896 முதல் வாக்னரின் பைராய்ட் விழா மேடை. இதற்கிடையில் நடிகரும் இயக்குநருமான பால் ஷூமானோடு இரண்டாவது திருமணம், மேலும் மூன்று குழந்தைகள், கூடவே அவருடைய முதல் தாரத்து மகன் வால்டர். மொத்தம் எட்டுப் பிள்ளைகள். 'ஷூமான்-ஹைங்க்' என்ற இரட்டைப் பெயர் இப்படி இரண்டு கணவர்களிடமிருந்து வந்ததுதான்.

1898-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்காக அமெரிக்கா போனார். கர்ப்பிணியாகத்தான் கப்பல் ஏறினார். அங்கே பிறந்த மகனுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் ஷூமான் என்று பெயர் வைத்தார். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். 1904-ல் ஒரு பிராட்வே இசை நாடகத்தில் நடித்தபோது பாதியில் நிறுத்தி, என் இங்கிலீஷ் சரியா இருக்கா என்று ரசிகர்களையே கேட்பாராம். அமெரிக்கர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அதே ஆண்டில் பால் ஷூமான் இறந்தார். பிறகு நடந்த மூன்றாவது திருமணம் விவாகரத்தில் முடிந்தது. சான் டியேகோ அருகே வீடு கட்டிக்கொண்டு அமெரிக்கக் குடிமகளாகவே ஆகிவிட்டார்.

ஒரு வீடு, இரண்டு ராணுவம்

1914-ல் முதல் உலகப் போர். 1917 ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராக இறங்கியது. ஷூமான்-ஹைங்க் குடும்பம் நடுவில் மாட்டிக்கொண்டது. மூத்த மகன் ஆகஸ்ட் ஜெர்மன் வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர். அவரை ஜெர்மன் நீர்மூழ்கிப் படையில் சேர்த்துவிட்டார்கள். ஹென்றி, வால்டர், ஜார்ஜ் வாஷிங்டன் மூவரும் அமெரிக்கக் கடற்படையில். அட்லாண்டிக் கடலில் எந்தக் கப்பல் எதை மூழ்கடித்தாலும் இந்த அம்மாவுக்குப் பகீர் என்றிருக்கும்.

ஆகஸ்ட் போரில் இறந்தார்.

இங்கே ஒரு திருத்தம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மகனைப் பலி கொடுத்த தாய் என்று இவரைப் பற்றி ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. இன்னொரு மகன் ஹான்ஸும் அந்தக் காலத்தில்தான் இறந்தார், உண்மை. ஆனால் அது நிமோனியாவால், அதுவும் அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே. அதற்கு மேல் சோகத்தைக் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை.

அப்போது அமெரிக்காவில் ஜெர்மன் என்றாலே சந்தேகம். மெட்ரோபாலிட்டன் ஓபரா ஜெர்மன் மொழி ஓபராக்களையே நிறுத்தியது. பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர் கார்ல் மூக் 1918-ல் கைதாகி முகாமில் அடைக்கப்பட்டார். அயோவா மாகாண ஆளுநர் பொது இடத்தில், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று ஆணையிட்டார். ஜெர்மன் ஊறுகாய் முட்டைக்கோஸின் பெயரைக்கூட மாற்றினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் உச்சரிப்போடு ஆங்கிலம் பேசுகிற ஒரு பாடகியின் தொழில் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அவர் ராணுவ முகாம்களில் காசு வாங்காமல் பாடினார். போர்க்கடன் பத்திரங்களுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். சிப்பாய்கள் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய குண்டு தன் மூத்த மகனின் கப்பலில் விழலாம் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அதை எப்படித் தாங்கினார் என்பதுதான் இந்த வாழ்க்கையில் எனக்குப் புரியாத இடம்.

ரேடியோவில் ஜெர்மன் பாட்டு

'சைலன்ட் நைட்' பாட்டின் சொந்த ஊர், சால்ஸ்பர்க் அருகே ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஆற்றங்கரைச் சிற்றூர். ஜோசப் மோர் என்ற பாதிரியார் 1816-ல் எழுதிய வரிகளுக்கு, பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் க்ரூபர் 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மெட்டமைத்தார். அன்றிரவே அங்கிருந்த தேவாலயத்தில் இருவரும் பாடினார்கள். பக்கவாத்தியம் ஒரு கிதார், அவ்வளவுதான். 1914 கிறிஸ்துமஸில் போர்முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்த அந்த ஓரிரு நாளில் பதுங்குகுழிகளில் கேட்டதும் இதே பாட்டுதான்.

1926 கிறிஸ்துமஸில் ஷூமான்-ஹைங்க் இதை வானொலியில் பாடினார், ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும். போர் முடிந்து எட்டே வருடம். அவருக்கு வயது 65, மேடைக்கு வந்து 50 வருடம். மகன்களைப் பறிகொடுத்த வீடுகளில், எதிரியின் மொழியில், எதிரிப் படையில் மகனை இழந்த ஒருத்தி பாடுகிறார். ரேடியோவை மூடிவிடவில்லை அமெரிக்கர்கள். அடுத்த வருடமும் பாடினார். 1935 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் பாடினார். 1930 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே சுமார் 40 சதவீத வீடுகளில் ரேடியோ இருந்தது. இந்தக் குரல் வந்தால்தான் கிறிஸ்துமஸ் என்றாகிவிட்டது நிறைய குடும்பங்களில்.

சரி, குரல் நல்லா இருந்துதா?

நேர்மையாகச் சொன்னால், வானொலிக் காலத்தில் அது தேய்ந்த குரல். மூச்சு குறைந்திருந்தது, ஆட்டம் கூடியிருந்தது. இசை தெரிந்தவர்களுக்கு அது கேட்காமல் இருந்திருக்காது. 1908 பதிவில் அந்தக் குறை இல்லை. ஆனால் அதில் வேறு சிக்கல். அப்போது மைக் கிடையாது, ஒரு தகரக் குழலுக்கு முன் நின்று பாட வேண்டும். மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த ஒலிகளை அந்தக் குழல் பிடிக்காது. மைக் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்பதற்காக ஓபரா பாடகர்கள் பழக்கிக்கொள்கிற கணீர் ஒலி சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. குழலில் கிட்டத்தட்ட தொலைந்துபோவது அதுதான். ஆக, நம் இயர்போனில் கேட்பது அவருடைய பாதிக் குரல்.

வழுக்கல் விஷயம் வேறு. ஸ்வரங்களுக்கு இடையே இழைத்துப் பாடுவது அன்றைய ஐரோப்பியப் பாணி. பிறகு அது ஃபேஷன் மாறி, மிகை என்று ஒதுக்கப்பட்டது. கர்நாடக சங்கீதத்தில் ஜாரு கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது அவ்வளவு விநோதமாகப் படாது.

எளிமையாகப் பாட வேண்டிய பாட்டு இது என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கிதாருக்குப் பிறந்த பாட்டு. பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தால், இன்று பாடுவதைவிட அசைந்தாடுகிற, கொஞ்சம் துள்ளலான நடை அதற்கு. அப்படிப் பார்த்தால் ஷூமான்-ஹைங்க் செய்தது தப்பு. ஆனால் இன்று மாலில் இழுத்து இழுத்து ஒலிக்கிற வடிவமும் அதே அளவு தப்புதான்!

எனக்குத் தோன்றுவது: பல ஓபரா பாடகர்கள் கரோல் பாடும்போது எரிச்சலூட்டுவது குரலின் அளவு அல்ல, குரலைக் காட்டுகிற ஆசை. கடைசி வரியில் ஓர் உச்ச ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கைத்தட்டலுக்கு நிற்பார்கள். கான்ட்ரால்டோவுக்கு அந்த வசதியே இல்லை. இவர் குரல் மேலே போய் மினுங்குவதில்லை, கீழேயே நிற்கிறது.

மறுபடியும் உழைப்பு

1929 பங்குச்சந்தைச் சரிவில் சேமிப்பு கிட்டத்தட்ட மொத்தமும் போனது. 68 வயதில் மறுபடி வேலைக்குக் கிளம்பினார். 1932-ல், 70 வயதில், மெட்ரோபாலிட்டனில் வாக்னரின் 'சீக்ஃபிரீட்' ஓபராவில் பூமித்தாய் எர்டாவாகக் கடைசியாகப் பாடினார். 1935-ல் ஒரு ஹாலிவுட் படத்திலும் தலைகாட்டினார்.

அதே 1935-ல் பிங் கிராஸ்பி 'சைலன்ட் நைட்' பாடலை இசைத்தட்டாக வெளியிட்டார். மைக்குக்குப் பக்கத்தில் நின்று, காதோடு பேசுகிற மாதிரி பாடுகிற புது வகைக் குரல். பக்திப் பாட்டில் காசு பார்ப்பதா என்று முதலில் தயங்கி, வருமானத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார். இன்று கடைகளில் நாம் கேட்கிற 'சைலன்ட் நைட்' பெரும்பாலும் அந்த வழி வந்ததுதான்.

அந்த வருடக் கிறிஸ்துமஸில் ஷூமான்-ஹைங்க் கடைசியாகப் பாடினார். ரத்தப் புற்றுநோயால் 1936 நவம்பர் 17-ல் ஹாலிவுட்டில் இறந்தார். வயது 75. அடுத்த கிறிஸ்துமஸுக்கு இன்னும் 38 நாள் இருந்தது.