சாகாத ஜமீன்தார்
இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்

திண்டிவனத்தில் சென்னைப் பேருந்து ஏறினால் செங்கற்பட்டுக்கு முன்பே மதுராந்தகம் வந்துவிடும். அதனை அடுத்த சித்தாமூர் என்னும் சிற்றூரில் 1933ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் பிறந்தவர் இயக்குநர் ஸ்ரீதர். நம் பக்கத்து ஊர்க்காரர் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

செங்கற்பட்டில் படித்தார். நாடகப் பித்து அங்கேயே பிடித்துக்கொண்டது. இளம் வயதில் அவர் எழுதிய ‘ரத்த பாசம்’ நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினர், 1954இல் அது திரைப்படமும் ஆயிற்று. அடுத்து ‘எதிர்பாராதது’, ‘அமரதீபம்’, ‘உத்தமபுத்திரன்’ ஆகிய படங்களுக்கு எழுதினார். மூன்றிலும் நாயகர் யார் தெரியுமா? விழுப்புரத்தைத் தம் முதலெழுத்தாகவே சுமந்த வி.சி. கணேசன், அதாவது நடிகர் திலகம் சிவாஜி! 1959இல், இருபத்தைந்து வயதில், ‘கல்யாணப் பரிசு’ படத்தைத் தாமே இயக்கினார். 1962இல் ஒரே மருத்துவமனை அரங்கத்துக்குள் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்து முடித்தார். இவற்றையெல்லாம் நம் பெற்றோர் நன்கு அறிவர். நான் எழுத வந்தது 1963இல் வெளிவந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தைப் பற்றி.

நகரத்துக் கல்லூரி மாணவன் ஒருவன் நண்பனின் கிராமத்துக்கு வருகிறான். அங்குள்ள பழைய மாளிகை அவனை என்னவோ செய்கிறது. முற்பிறவியில் அவன் அந்த ஜமீனின் வாரிசு. ஏழைப் பெண் ஒருத்தியை நேசித்தவன். தந்தையான ஜமீன்தார் அந்தக் காதலை அழித்தவர். கல்யாண்குமாரும் தேவிகாவும் காதலர்கள், ஜமீன்தார் நம்பியார். வின்சென்ட்டின் ஒளிப்பதிவில் தூண்களின் நிழல்கூட நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். (அடுத்த ஆண்டே அவர் மலையாளத்தில், பஷீரின் கதையைக் கொண்டு ‘பார்கவி நிலையம்’ என்ற பேய்ப்படத்தை இயக்கினார்.)

அறிவியல் மாணவன் மறுபிறவிப் படத்தைப் புகழலாமா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அமாவாசை இரவில் மேல்மலையனூருக்குப் போனவர்களுக்குத் தெரியும். செத்துப்போன பாட்டன் பேரன்மேல் இறங்கிவிட்டான் என்று நம்பி அழைத்து வருகிறவர்கள் இன்றும் உண்டு. அது மன நோயாக இருக்கலாம், மருத்துவரிடமும் காட்டுங்கள் என்று சொல்ல வேண்டியது நம் கடமை. எனக்கு மறுபிறவியில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இந்தப் படம் என்னை விடவில்லை.

காரணம் இதுதான். அதே 1963இல் அமெரிக்காவில் ரோஜர் கார்மன் ‘தி ஹான்டட் பேலஸ்’ என்ற படத்தை எடுத்தார். ஊரார் எரித்துக் கொன்ற மந்திரவாதி, தலைமுறைகள் கழித்து, சுவரில் தொங்கும் தன் ஓவியத்தின் வழியே வாரிசின் உடலுக்குள் புகுந்துகொள்கிறான். வின்சென்ட் பிரைஸ் இருவராகவும் நடித்திருந்தார். அங்கே முன்னோர் செத்து, ஆவியாகி, பிறகுதான் வருகிறார். ஸ்ரீதர் படத்திலோ அந்த வேலையே இல்லை. காதலர்கள் செத்துப் பிறக்கிறார்கள். ஜமீன்தார் சாகவே இல்லை! நூறு வயதைக் கடந்த கிழவராக, சுருங்கிய தோலோடும் அணையாத வெறியோடும் அடுத்த பிறவியிலும் குறுக்கே வந்து நிற்கிறார். அப்போது நம்பியாருக்கு வயது 44தான் என்றால் நம்ப முடிகிறதா? படத்தில் பயப்பட வேண்டியது ஆவிக்கு அல்ல, உயிரோடிருக்கும் ஒரு மனிதருக்கு. குலப்பெருமைக்கு ஆயுள் அதிகம் என்பதை இதைவிடப் பளிச்சென்று யார் காட்டினார்கள்?

எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டைக் கடக்கும்போது என் பாட்டனார் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாராம். அந்த வீட்டின் ஓடுகள் சரிந்துவிட்டன, யாரும் குடியிருக்கவில்லை. இருந்தும் என் தந்தையார் இன்றும் அவ்விடத்தில் மிதிவண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் முதலில் காலடி வைத்தவன் நான். நான் இறங்குவதில்லை. ஆனால் அந்த வாசல் வந்ததும் மிதிக்கும் கால் ஒரு நொடி தயங்குகிறது. கைப்பேசியில் நம்பியாரைப் பார்த்தபோது அந்த நொடிதான் நினைவுக்கு வந்தது.

வெளியானபோது இப்படத்தைப் பேய்க்கதை என்றும் காதல் கதை என்றும் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். ஸ்ரீதரும் இதே பாதையில் நிற்கவில்லை. 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’ தந்து தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தார். 1965இல் ‘வெண்ணிற ஆடை’யில் ஜெயலலிதாவைத் தமிழ்த்திரைக்கு அறிமுகம் செய்தார். பின்னர்ப் பணநெருக்கடி வந்தது, 1974இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘உரிமைக்குரல்’ அவரைத் தூக்கி நிறுத்தியது. 1978இல் ‘இளமை ஊஞ்சலாடுகிறது’. இறுதி ஆண்டுகளில் பக்கவாதம் அவரை முடக்கிப் போட்டது. 2008 அக்டோபர் 20 அன்று, 75ஆம் வயதில், சென்னையில் காலமானார்.